லண்டன் ஃபிளாட்டில் கேஸ் ஹீட்டிங் போடலாமா? எங்கள் கணக்கு நோட்டிலிருந்து

ஜனவரி மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் ஹால் கரியடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தது போலத் தகிக்கும். அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. சாயங்காலம் ஏழு மணிக்கு நடுங்கிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்து அதே ஹீட்டரில் கையை வைத்தால், அடுப்பை அணைத்து ஒரு மணி நேரமான தோசைக்கல் மாதிரி ஒரு வெதுவெதுப்பு. அவ்வளவுதான். இரவு மின்சாரத்தில் சூடேறி அதைப் பகலில் விடும் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டரோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் இந்த ஃபிளாட்டை வாங்கி மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. 1980களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். நாங்கள் நடு மாடி. இரண்டு படுக்கையறை, மொத்தம் 640 சதுர அடி. மூன்று ஸ்டோரேஜ் ஹீட்டர், நடைபாதை அலமாரிக்குள் ஒரு செம்பு வெந்நீர்த் தொட்டி. தெருவில் கேஸ் குழாய் ஓடுகிறது. எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. முந்தின குளிர்காலத்தில் அம்மா திருநெல்வேலியிலிருந்து மூன்று வாரம் வந்து இருந்தார். இந்தத் தடவை விசிட்டர் விசாவில் முழுசாக ஆறு மாதம், அதுவும் அக்டோபரில் இறங்குவதாகத் திட்டம். போனில் முதல் கேள்வியே, "அங்க ஹீட்டர் சுடுமாடா, இல்ல போன தடவை மாதிரி கம்பளிக்குள்ளயே கிடக்கணுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் 2025 கோடையில் ஒரு நோட்டு போட்டேன். கீழே வரும் தொகைகள் அந்த நோட்டில் இருப்பவை. உங்கள் கட்டடத்துக்கு வேறு தொகை வரும். ஆனால் செலவு எந்தெந்தப் பக்கத்திலிருந்து வந்து விழும் என்பது பெரிதாக மாறாது.

லெட்டர்பாக்ஸ் விலையும் நிஜ விலையும்

வாரம் ஒரு தடவையாவது கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் விழும். "புது பாய்லர் 1,995 பவுண்டு முதல்." இதை நம்பி இரண்டாயிரம் மூவாயிரம் எடுத்து வைத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். அந்த விலை, ஏற்கெனவே கேஸ் ஹீட்டிங் இருக்கும் வீட்டில் பழைய பாய்லரைக் கழற்றி, அதே ஆணியில் புதியதை மாட்டுவதற்கு. குழாயும் ரேடியேட்டரும் மீட்டரும் இல்லாத எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது பாதிக் கணக்குகூட இல்லை.

மூன்று பேரைக் கூப்பிட்டேன். தனியாளாக வேலை செய்யும் ஒருவர் 5,050 என்றார். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனி 6,400. டிவியில் விளம்பரம் வரும் அளவுக்குப் பெரிய ஒரு கம்பெனியின் ஆள் டேப்லெட்டில் தட்டித் தட்டி 7,800 என்றார், "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்" 600 குறைப்பதாகவும் சொன்னார். இன்றைக்கே என்ற வார்த்தை வந்ததும் நான் டீ போட எழுந்துவிட்டேன்.

முதல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் ஒரு பகுதி வாட் வரி. வருட வரவு 90,000 பவுண்டைத் தாண்டாத தனியாள் வாட் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் பில்லில் அந்த 20 சதவீதம் இருக்காது. கேஸ் பாய்லருக்கு வாட் 20 சதவீதம். வெளிக்காற்றின் சூட்டை வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்புக்கு 2027 மார்ச் வரை பூஜ்யம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தனியாள் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை, கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்று காட்டும் கேஸ் சேஃப் அட்டை இருந்தால் போதும். பழைய ஆட்கள் இன்னும் கோர்கி என்றே சொல்வார்கள். 2009 ஏப்ரலில் அது போய் கேஸ் சேஃப் வந்தது. அட்டையின் முன்பக்கத்தில் போட்டோவும் நம்பரும் இருக்கும். எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலை செய்ய அவருக்குத் தகுதி என்று அங்கேதான் எழுதியிருக்கும். அடுப்பு மாட்டத் தகுதி உள்ளவர் எல்லோரும் பாய்லர் மாட்டத் தகுதி உள்ளவர் இல்லை.

5,050 எப்படிப் பிரிந்தது என்று கேட்டேன். எழுதியே கொடுத்தார். பாய்லர், புகைக்குழாய், வடிகட்டி, தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து 1,450. வால்வுகளோடு ஆறு ரேடியேட்டர் 820. குழாயும் இணைப்புச் சாமான்களும் 380. இரண்டு பேர் நான்கு நாள் கூலி 2,000. பழைய ஹீட்டர்களையும் தொட்டியையும் கழற்றி அப்புறப்படுத்த 250. பாய்லருக்கு மின்சார இணைப்பு 150. அதாவது நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடும் பாய்லர், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய செலவு கூலிதான். எங்கள் தரை கான்கிரீட். பலகைத் தரை என்றால் தூக்கிவிட்டு அடியில் குழாய் ஓட்டலாம், இங்கே சுவரோரமாகவே ஓட்டி மூட வேண்டும். முதலில் வந்தவர் கூரை வழியாகக் கொண்டுபோகலாம் என்றார். எங்கள் கூரையில் அந்தக் காலத்து ஆர்டெக்ஸ் பூச்சு, அலை அலையாக. 1980களின் நடுப்பகுதி வரை அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். 60 பவுண்டு, ஒரு வாரம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று வந்தது. இருந்தாலும் சுவரோரமே போதும் என்று விட்டுவிட்டோம்.

பாய்லர் அளவு விஷயத்தில் ஒரு வார்த்தை. பெரிய கம்பெனிக்காரர் 35 கிலோவாட் பாய்லரைப் பரிந்துரைத்தார். நடு மாடி ஃபிளாட். மேலேயும் கீழேயும் ஆள் இருக்கும் வீடு. கடும் குளிரிலும் எங்கள் அறைகளுக்கு நான்கு கிலோவாட் சூடு போதும். காம்பி பாய்லர் என்பது நம் ஊர் இன்ஸ்டன்ட் கேஸ் கீசரும் ரேடியேட்டர் சூடேற்றியும் ஒரே பெட்டிக்குள் இருப்பது. 24, 30, 35 என்ற எண்ணெல்லாம் ஷவருக்காக. ஒரு குளியலறைதான் என்றால் 24 போதும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவுக்கு நல்ல வெந்நீர் வரும். ஆனால் அதற்குக் குழாயில் தண்ணீர் அந்த வேகத்தில் வர வேண்டும். தனியாளாக வந்தவர் முதலில் செய்த காரியம், சமையலறைக் குழாயடியில் ஓர் அளவுக் குவளையைப் பிடித்துப் பார்த்ததுதான். மற்ற இருவரும் அதைத் தொடவே இல்லை. நான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு விலை மட்டும் காரணம் இல்லை.

சுவர் யாருடையது?

தனி வீட்டுக்காரர்களுக்கு இல்லாத தலைவலி இங்கேதான் ஆரம்பம். ஃபிளாட் லீஸ்ஹோல்ட், அதாவது நீண்ட காலக் குத்தகை. உள்ளே பூசிய சுண்ணாம்பு வரை நம்முடையது, வெளிச்சுவர் கட்டடத்தின் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருடையது. பாய்லர் புகைக்குழாய் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். ஒரு காப்பி டவரா நுழையும் அளவு ஓட்டை. அந்த ஓட்டைக்கு 'லைசென்ஸ்' வாங்க, அவர் சார்பில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜிங் ஏஜென்டுக்கு 450, அவர்கள் அனுப்பும் சர்வேயருக்கு 360. சர்வேயர் வந்து பன்னிரண்டு நிமிடம் இருந்தார். பதில் கடிதம் வர ஏழு வாரம். இந்த ஏழு வாரத்தை எந்தக் கொட்டேஷனிலும் போட மாட்டார்கள். குளிர்காலத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்றால் மே மாதமே கடிதம் போட்டுவிட வேண்டும்.

ஓட்டையை எங்கே வேண்டுமானாலும் போடவும் முடியாது. புகைக்குழாய் வாய், திறக்கும் ஜன்னலிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். நம் ஜன்னல் மட்டுமல்ல, மேல்வீட்டு, கீழ்வீட்டு ஜன்னலும் கணக்கில் சேரும். எங்கள் வீட்டில் வெளிச்சுவர் உள்ள இடங்களை எல்லாம் பாய்லர்காரர் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சமையலறை மூலையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்த ஓர் இடம்தான் தேறியது. பெருக்கல் குறிக்கு நேர் முன்னால், எங்கள் சாமி தட்டு. முருகன் படம், விளக்கு, திருநீற்றுச் சம்புடம். "இதை நகர்த்தலாமா?" என்று அவர் மரியாதையாகக் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். பார்க்கலாம் என்றேன்.

அடுத்தது கேஸை வீட்டுக்குள் கொண்டுவருவது. தேம்ஸுக்கு வடக்கே குழாய் வலையமைப்பு கேடென்ட் வசம், தெற்கே எஸ்ஜிஎன் வசம். கிளைக் குழாய் இழுத்து, வெளிச்சுவரை ஒட்டி எங்கள் மாடிவரை ஏற்ற எங்களுக்கு வந்த மதிப்பீடு 1,240. மீட்டரை மாட்டுவது நாம் தேர்ந்தெடுக்கும் சப்ளையர் வேலை, அதற்குத் தனித் தேதி. ஆக 5,050 என்று ஆரம்பித்தது, இணைப்பு 1,240, அனுமதி 810, சுவரை ஒட்டுப் போட்டு வண்ணம் அடிக்க 300 எல்லாம் சேர்ந்து 7,400 ஆகிவிட்டது. நோட்டீஸில் போட்ட 1,995 எங்கே, இது எங்கே!

உங்கள் கட்டடம் உயரமான டவர் பிளாக் என்றால் இந்தக் கட்டுரையின் கேஸ் பகுதியைத் தாண்டிவிடலாம். காரணம் எங்கள் நியூஹாம் வட்டாரத்திலேயே நடந்தது. 1968 மே 16 விடியற்காலை, கேனிங் டவுனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் 18ஆம் மாடியில் குடியிருந்த ஒரு பெண்மணி டீ போடத் தீக்குச்சி உரசினார். கேஸ் கசிந்திருந்தது. சுவர்ப் பலகைகள் வெடித்துக் கழன்று, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் பெண்மணி உயிர் பிழைத்தார். கட்டடம் திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முன்கூட்டியே வார்த்த பெரிய கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய அந்த வகைக் கட்டடங்கள் பலவற்றில் அதற்குப் பிறகு கேஸையே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் கவுன்சில் டவர்களில் மின்சார ஹீட்டிங்கை அதிகம் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வருடச் செலவு: இங்கேதான் ஆட்டம் மாறுகிறது

2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வைத்த விலை வரம்பில் மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரியாக 25.73 பென்ஸ், கேஸ் 6.33 பென்ஸ். நான்கு மடங்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது மாறும். ஆனாலும் நான்கு மடங்கு என்ற அந்த இடைவெளி ஏறக்குறைய அப்படியேதான் இருந்துவருகிறது. இதைப் பார்த்ததும் கேஸ்தான் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

எங்கள் வீட்டில் வருடம் முழுக்க ஆள் இருந்தால் சூட்டுக்கு 5,000 யூனிட், வெந்நீருக்கு 2,000 யூனிட், மொத்தம் 7,000 தேவை என்று பழைய பில்களை வைத்துப் போட்டேன். பாய்லர் நூற்றுக்கு நூறு தராது. 88 சதவீதம் என்று எடுத்தால் கேஸ் பில் 504 பவுண்டு. அப்புறம் ஒரு யூனிட் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம், நாளைக்கு 29.82 பென்ஸ், வருடத்துக்கு 109. புதிதாக கேஸ் எடுப்பவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். வருடாந்தர சர்வீஸ் 90. ஆக 700 பவுண்டு.

அதே 7,000 யூனிட்டைச் சாதாரண மின்சார பேனல் ஹீட்டரில் எடுத்தால் 1,800. பேனல் ஹீட்டர் விற்பவர்கள் "100 சதவீதத் திறன்" என்று பெருமையாகப் போடுவார்கள். உண்மைதான், வாங்கிய மின்சாரம் முழுவதும் சூடாகிறது. நம் ஊர் இம்மர்ஷன் ராடும் 100 சதவீதம்தான். ஜெர்மன் தயாரிப்பு, செராமிக் கல், இன்ஃப்ராரெட் என்று என்ன பெயர் வைத்தாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடு. அதற்கு மேல் ஒரு பொட்டுகூடத் தராது. 150 பவுண்டு ஹீட்டரும் 700 பவுண்டு ஹீட்டரும் மீட்டருக்கு ஒன்றுதான். போடும் செலவு மட்டும் குறைவு: ஐந்து பேனல், வெந்நீர்த் தொட்டிக்குப் புது இம்மர்ஷன், எல்லாம் 1,350க்குள் முடியும், யார் அனுமதியும் வேண்டாம்.

ஸ்டோரேஜ் ஹீட்டர் இரண்டுக்கும் நடுவில். 1978இல் வந்த எகானமி 7 திட்டத்தில் இரவு ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவு. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் கனமான செங்கற்களைச் சூடாக்கி வைத்துப் பகலில் விடுவது. யோசனை நல்ல யோசனை. பழைய ஹீட்டர்களில் சூட்டை நிறுத்திப் பிடிக்க வழியில்லாததுதான் கோளாறு. அதனால்தான் விடியற்காலையில் ஹால் தகித்தது. இப்போது வரும் உயர் வெப்பத்தேக்க வகையில் காப்பு தடிமன், சூட்டை எப்போது விடுவது என்று நேரம் வைக்கலாம், உள்ளே சின்ன ஃபேன் உண்டு. 2018க்குப் பிறகு வரும் ஹீட்டர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் சட்டப்படியே தேவை. எங்களுக்கு இரண்டு பெரியது, ஒரு சின்னது, குளியலறைக்கு ஒரு பேனல், தொட்டி வேலை எல்லாம் 3,100. ஓட்டும் செலவு, எங்களுக்குக் கிடைத்த இரவு 14 பென்ஸ், பகல் 30 பென்ஸ் விலையில் 1,090. அதோடு பகலில் விளக்கு, ஃபிரிட்ஜ், மிக்ஸி ஓடுவதற்கும் கூடுதல் விலை கொடுக்கிறோம் இல்லையா, அது ஒரு 80. ஆக 1,170.

பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் மீட்டரையும் ஒருமுறை பாருங்கள். இரவு விலைக்கு மாறச் சொல்லும் சமிக்ஞை பல வீடுகளுக்கு பிபிசி ரேடியோ 4இன் நெடுஅலை ஒலிபரப்போடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. கிரிக்கெட் வர்ணனை வந்த அதே அலையில்தான் நம் ஹீட்டருக்கும் சேதி வந்தது! 2025 ஜூன் 30இலிருந்து அதைப் பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள். அந்த வகை மீட்டர் இருந்தால் ஸ்மார்ட் மீட்டருக்கு மாறியே ஆக வேண்டும்.

சரி, இப்போது கூட்டிக் கழிப்போம். ஸ்டோரேஜைவிட கேஸ் போட 4,300 அதிகம். வருடம் 470 மிச்சம். ஒன்பது வருடத்தில் ஈடாகும். பாய்லர் ஆயுள் பன்னிரண்டு, பதினைந்து வருடம். கேஸ் தேறுகிறது, ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு.

இந்த நோட்டைக் கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் காட்டினேன். அதே அளவு ஃபிளாட், அவரும் அதே குழப்பத்தில் இருந்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நானும் அக்காவும் விடிய வெளிக்கிட்டா இரவுதான் வாறம். பகல் முழுக்க வீட்டைச் சூடாக்கி ஆருக்கு?"

அவர் வீட்டுக்கு 3,500 யூனிட் என்று திரும்பப் போட்டேன். கேஸ் 450, ஸ்டோரேஜ் 620. மிச்சம் வருடத்துக்கு 170தான். 4,300ஐ 170ஆல் வகுத்தால் 25 வருடம்! அதற்குள் இரண்டாவது பாய்லர் வாங்கியிருப்பார். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நிலைக்கட்டணமும் சர்வீஸும் குறையாததால், குறைவாக எரிப்பவருக்கு கேஸ் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஒரே கட்டடம், ஒரே சுவர், ஒரே கொட்டேஷன். அவருக்கு கேஸ் வீண், எங்களுக்கு லாபம். வீட்டில் எத்தனை மணி நேரம் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை எண்ணாமல் கொட்டேஷன் வாங்கவே கூடாது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அண்ணன் ஸ்டோரேஜ் போட்டுவிட்டார், செப்டம்பரில் இரண்டே நாள் வேலை.

ஏசியால் சூடு

ஹீட் பம்பை விட்டுவிட முடியாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு தரும். வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை உள்ளே இழுப்பதால் அது சாத்தியம். எங்கள் தேவைக்கு வருடம் 600 பவுண்டு, கேஸைவிடக் குறைவு, கேஸ் நிலைக்கட்டணமும் இல்லை. ரேடியேட்டரில் வெந்நீர் ஓடும் வகைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. எங்களுக்கு மானியம் போக 5,500 வரும் என்றார்கள். தனி வீடாக இருந்தால் நான் இதைத்தான் போட்டிருப்பேன். ஃபிளாட்டில் வெளி யூனிட்டுக்கு இடம் வேண்டும், உள்ளே பெரிய தொட்டிக்கும் இடம் வேண்டும். 640 சதுர அடியில் தொட்டிக்கு இடம் கொடுத்தால் அம்மாவுக்கு இடமில்லை.

இன்னொரு வகை நமக்கு நன்றாகத் தெரிந்தது: ஸ்ப்ளிட் ஏசி. கோடையில் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளும் அதே யந்திரம், குளிரில் திசை மாற்றி வெளிச் சூட்டை உள்ளே தள்ளுகிறது. லண்டனில் ஏசி போடுகிறோம் என்றால் ஊரில் சிரிப்பார்கள். அதுவும் குளிருக்கு என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வெளி யூனிட், இரண்டு உள் யூனிட், குளியலறை பேனல், தொட்டி வேலை எல்லாம் 4,750. வருடச் செலவு, வெந்நீர் இம்மர்ஷனில்தான் என்பதால், 900 பக்கம். கேஸோடு ஒப்பிட்டால் போடும் செலவில் 2,650 குறைவு, வருடம் 200 அதிகம். அந்த வித்தியாசம் ஈடாகப் பதின்மூன்று வருடம். ஜூலையில் வீடு வேகும்போது குளிர்ச்சி இலவச இணைப்பு. உண்மையைச் சொன்னால் என் நோட்டில் முதலிடம் இதற்குத்தான் இருந்தது. ஏஜென்ட் ஒரே வரியில் மறுத்துவிட்டார். முன்பக்கச் சுவரில் எதுவும் மாட்டக் கூடாது, பின்பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் படுக்கையறை ஜன்னல், சத்தம் கேட்கும். அனுமதி கிடைத்திருந்தால் எங்கள் முடிவு வேறாக இருந்திருக்கும். உங்கள் பால்கனியிலோ தோட்டத்திலோ வெளி யூனிட் வைக்க வழி இருந்தால், கேஸ் கொட்டேஷன் வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

வாடகைக்கு விடுபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. எனர்ஜி சான்றிதழில் குறைந்தது 'ஈ' தரம் இல்லாமல் இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விட முடியாது. அந்தத் தரம் எரிபொருள் செலவை வைத்துப் போடுவதால், பழைய மின்சார ஹீட்டர் இருக்கும் ஃபிளாட்டுகள் அடிவாங்கும். கேஸ் வந்ததும் தரம் ஏறும். ஆனால் வருடம் தவறாமல் கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து சான்றிதழைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

கேஸ்தான் என்றான பிறகு

மனைவி வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, குளிர்காலம் முழுக்க அம்மா, இன்னும் பத்து வருடம் இங்கேதான். கேஸ் என்று முடிவு செய்தோம். ஆகஸ்ட் கடைசியில் நான்கு நாள் வேலை நடந்தது.

இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, ரேடியேட்டர்களைக் கணக்குக்கு மேல் ஒரு சுற்றுப் பெரியதாகப் போடச் சொன்னேன். எல்லாம் சேர்ந்து 110 பவுண்டுதான் கூடியது. பெரிய ரேடியேட்டர் என்றால் தண்ணீர் 55 டிகிரி ஓடினாலே அறை சூடாகிவிடும். 2005க்குப் பிறகு இங்கே போடும் கேஸ் பாய்லர்கள் அநேகமாக எல்லாமே புகையிலிருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடிக்கும் வகை. திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். 75, 80 என்று வைத்துவிட்டுப் போகும் ஆட்கள் நிறைய. நாளைக்கே ஹீட் பம்புக்கு மாறினாலும் இந்த ரேடியேட்டர்கள் வீணாகாது. இரண்டாவது, கடைசித் தவணையாக 1,000 பவுண்டைக் கையில் வைத்துக்கொண்டேன். பாய்லர் பதிவு, கட்டட விதிமுறைச் சான்றிதழ் இரண்டும் வந்தபின் கொடுத்தேன். வீட்டை விற்கும்போது வக்கீல் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தையும் ஃப்ரீஹோல்டர் கடிதத்தையும்தான். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் என்பதால் அதையும் பாய்லர்காரரே மாட்டிவிட்டுப் போனார்.

எந்தக் கொட்டேஷனிலும் வராத வரவு ஒன்று உண்டு. காம்பி வந்ததும் செம்புத் தொட்டிக்கு வேலையில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போனபின், நடைபாதை அலமாரியில் இரண்டடி அகலத்தில் சுத்தமான இடம் கிடைத்தது. உள்ளே வெள்ளை அடித்து, இரண்டு பலகை அறைந்து, சமையலறை மூலையிலிருந்த முருகனை அங்கே குடியேற்றினோம். கதவைத் திறந்தால் கிழக்குப் பார்த்த சந்நிதி. அம்மா வந்த முதல் வெள்ளிக்கிழமை ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றினார்; நேர் மேலே கூரையிலிருந்த புகை அலாரம் அலறிய அலறலில், கீழ்வீட்டு அண்ணன் செருப்புக்கூடப் போடாமல் மாடி ஏறி வந்து நின்றார்.